கோல்கீப்பர் இரவல்

அத்தியாயம் 9

வெள்ளிக்கிழமை மீன் விருந்தில் என் அக்கா மார்லிஸ் தட்டைப் பாதியில் தள்ளிவிட்டு எழுந்து போன இடத்தில் போன வாரம் நிறுத்தியிருந்தேன். அந்தத் தட்டில் இருந்த பொரித்த மீன் என்ன ஆயிற்று என்று ஒருவரும் விசாரிக்கவில்லை. நானே சொல்லிவிடுகிறேன். நான்தான் சாப்பிட்டேன். வருத்தம் வேறு, பெர்ச் மீன் வேறு.

இந்த வாரம்தான் படிக்க ஆரம்பிப்பவர்களுக்கு: மார்லிஸ், பக்கத்து ஊரான ஸ்டோன் பிரிட்ஜின் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பெண்கள் கால்பந்து அணிக்கு கோச். நான், ரோலண்ட், எங்கள் ஊர் கார்லண்டின் அணிக்கு கோச். காகித ஆலையில் வேலை செய்கிற எனக்கும் கால்பந்துக்கும் என்ன சம்பந்தம் என்றால், பெற்றோர் கூட்டத்தில் யார் கோச் என்று முடிவு செய்த நேரத்தில் நான் கழிப்பறைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது எல்லோரும் கை தட்டினார்கள்.

என் அணி இந்தப் பருவத்தில் ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை. அதில் என் பங்கு தண்ணீர் பாட்டில் தூக்கியது. மார்லிஸின் அணி ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. கடைசியாகப் பதினொன்றுக்குப் பூஜ்யம். சனிக்கிழமை இந்த இரண்டு அணிகளும் மோத வேண்டும். மீன் தட்டைத் தள்ளியபோது அக்கா சொன்னது இதுதான்: "நாளைக்கு எங்கமேல இரக்கம் கிரக்கம் காட்டினேன்னு வச்சுக்கோ, கிறிஸ்துமஸுக்கு உன் வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்."

சரி, காட்ட வேண்டாம் என்று நிம்மதியாகத் தூங்கி எழுந்தேன். காலையில் சமையலறையில் காபியைப் பிளாஸ்கில் ஊற்றிக்கொண்டே என் மனைவி நோரீன் அந்த நிம்மதியை எடுத்துக்கொண்டாள்.

நோரீன் பல் மருத்துவமனையில் வரவேற்பு மேஜையில் இருக்கிறாள். வாயைத் திறந்துகொண்டு வருகிறவர்கள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் மூடுவார்கள். ஸ்டோன் பிரிட்ஜில் மூன்று அம்மாக்கள் பேசி முடிவெடுத்துவிட்டார்களாம். இன்றைக்கும் போன வாரம் மாதிரி ஆனால், பெண்களை நிறுத்திவிடுவார்கள். மார்லிஸிடம் இருப்பதே ஒன்பது பெண்கள். ஆடவும் ஒன்பது பேர் வேண்டும். மூன்று பேர் போனால் அணியே இல்லை.

"அணி போனா அவ மறுபடி அந்தத் திரைச்சீலைக்குப் பின்னால போய் உக்காந்துடுவா" என்றாள் நோரீன்.

 அக்காவின் கணவர் கிளென் அரிசோனாவுக்குப் போய்த் திரும்பாமல் இருந்துவிட்ட குளிர்காலத்தில், அவள் வீட்டு வாசலில் நான் பனியைத் தள்ளப் போகிறபோதெல்லாம் ஜன்னலில் அந்தத் திரைச்சீலை கொஞ்சம் அசையும். கதவு திறக்காது. அவளை வெளியே இழுத்து வந்தது நானில்லை, நோரீனில்லை, பாதிரியாருமில்லை. ஷூ லேஸ் கட்டத் தெரியாத ஒன்பது பெண்கள்.

ஆக, நான் அவர்களை நொறுக்கக் கூடாது. விட்டுக்கொடுக்கவும் கூடாது. இதற்கு நடுவில் எங்கள் லீக் சங்கத்தின் விதி வேறு: எட்டு கோலுக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தால், ஜெயித்த கோச் அடுத்த ஆட்டத்தை வண்டி நிறுத்துமிடத்திலிருந்துதான் பார்க்க வேண்டும்.

மைதானத்துக்கு முதல் ஆளாகப் போய்விடலாம் என்று கிளம்பினேன். மார்லிஸ் ஏற்கெனவே அங்கே இருந்தாள், கையில் மண்வாரியோடு. அக்டோபரில் எங்கள் பக்கம் காட்டு வாத்துகள் தெற்கே போகிற வழியில் கால்பந்து மைதானங்களில்தான் காலைக்கடன் முடிக்கும். ஆட்டத்துக்கு முன்னால் அள்ளுவது கோச்சுகளின் பொறுப்பு. நானும் என் மண்வாரியை எடுத்தேன். அவள் அந்தப் பாதியை அள்ளினாள், நான் இந்தப் பாதியை அள்ளினேன். நடுக்கோட்டில் கிடந்ததை இருவருமே பார்த்தோம். அவள் அதை என் பக்கமாகத் தள்ளிவிட்டுப் போனாள்.

பேச்சுவார்த்தை அவ்வளவுதான்.

ஆட்டம் தொடங்கியது. நான் பிளாஸ்க் மூடியைத் திருகி முடிப்பதற்குள் முதல் கோல். காபியை ஊற்றுவதற்குள் இரண்டாவது. மூன்றாவதை நான் பார்க்கவில்லை, காபி சூடாக இருந்தது.

நூலகத்தில் வாங்கிப் பார்த்த பயிற்சி வீடியோவில், ஒருதலைப்பட்சமான ஆட்டத்தை எப்படிச் சமாளிப்பது என்று ஒரு பகுதி உண்டு. அதிலிருந்த முதல் யோசனையை எடுத்துக்கொண்டேன். இனிமேல் எல்லோரும் இடது காலால்தான் அடிக்க வேண்டும் என்று உத்தரவு. உடனே எங்கள் முன்வரிசை ஆட்டக்காரி ட்ரூடி, தூரத்திலிருந்து ஒரு அடி அடித்தாள். வலையே ஆடிப்போனது. ட்ரூடி பிறவியிலேயே இடதுகால்காரி என்பது இரண்டு வருடமாக அவளுக்குப் பயிற்சி கொடுக்கிற எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

இரண்டாவது யோசனை: ஐந்து பாஸ் கொடுக்காமல் கோலை நோக்கி அடிக்கக் கூடாது. இது எனக்கு ரொம்பக் கண்ணியமாகப் பட்டது. என் பெண்கள் பந்தை இங்கே அங்கே என்று தட்ட, ஆரஞ்சுச் சட்டை போட்ட ஸ்டோன் பிரிட்ஜ் பெண்கள் அதன் பின்னால் ஓடினார்கள். மறுபடி தட்ட, மறுபடி ஓடினார்கள். எங்கள் பக்கத்து அப்பா ஒருவர் பாஸ்களைச் சத்தம்போட்டு எண்ண ஆரம்பித்தார். நாலைந்து பேர் சிரித்தார்கள். ஓடிக்கொண்டிருந்த ஆரஞ்சுப் பெண் ஒருத்தி நின்றாள். புல்லில் உட்கார்ந்து, நன்றாகக் கட்டியிருந்த லேஸை அவிழ்த்து, மறுபடி மெதுவாகக் கட்டத் தொடங்கினாள்.

மார்லிஸ் மைதானத்தின் குறுக்கே நடந்து வந்தாள். ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போது கோச் உள்ளே வரக் கூடாது. ஆனால் நடுவராக இருந்தது உயர்நிலைப் பள்ளிப் பையன், சட்டைக்குள் இன்னொரு பையனுக்கு இடம் இருந்தது. அவன் விசிலை வாயில் வைத்துவிட்டு, அக்காவின் முகத்தைப் பார்த்து எடுத்துவிட்டான்.

"அவங்க என்ன பூனைக்குட்டிங்களா, நூல் உருண்டைய ஆட்டி வேடிக்கை பாக்கறதுக்கு?"

கோல் வேண்டாமென்றுதானே இப்படி என்று நான் முனகினேன்.

"நீ கோல் போட்டா, பந்தை நடுவுல வச்சு அடுத்து நாங்கதான் ஆரம்பிப்போம். அப்பவாவது என் பொண்ணுங்க பந்தைத் தொடுவாங்க. இப்ப அதையும் புடுங்கிட்ட. ஒழுங்கா ஆடு, ரோலண்ட்."

அவள் சொன்னது சரி. இரண்டு வருடம் கோச்சாக இருந்தும் எனக்கு உறைக்காத சரி. பெண்களைக் கூப்பிட்டு வழக்கம்போல ஆடச் சொன்னேன். வழக்கம்போல ஆடினார்கள். இடைவேளை விசில் அடித்தபோது ஆறுக்குப் பூஜ்யம்.

ஸ்டோன் பிரிட்ஜ் பக்கம் ஒரு அம்மா மடக்கு நாற்காலியை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றாள். அவர்களுடைய கோல்கீப்பர் வின்னியின் அம்மா அவள். மூன்று பேரில் ஒருத்தி என்று நோரீன் கண்ணாலேயே காட்டினாள். பிறகு ஆரஞ்சுப் பழத் துண்டுகள் இருந்த டப்பாவோடு என் பெண்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "கிரேட்டா எங்கே?" என்றாள்.

எங்கள் மகள் கிரேட்டா எங்கள் கோல்கீப்பர். பருவம் தொடங்குமுன் வாகனக் கொட்டகைக் கதவில் பந்தை அடித்து அடித்துப் பிடித்து, கதவையே சொட்டையாக்கி வாங்கிய இடம் அது. ஆனால் எங்கள் அணியில் கோல்கீப்பரிடம் பந்து வருவது ஊருக்கு சர்க்கஸ் வருகிற மாதிரி. திரும்பிப் பார்த்தோம். தூரத்தில் கோல் கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இடைவேளை விட்டதே அவளுக்குத் தெரியவில்லை. அவளுடைய கையுறைகள் கடையில் தொங்கிய நாளில் இருந்ததைவிடச் சுத்தமாக இருந்தன.

நடுவர் பையன் வந்து, ஆறு கோல் முன்னிலை வந்துவிட்டதால் நான் ஒரு ஆளை வெளியே எடுக்க வேண்டும் என்று மரியாதையாக நினைவூட்டினான். எதிர் அணி கோச் சம்மதித்தால் அந்த ஆளை அவர்களுக்கு இரவல் தரலாம் என்றும் ஒரு விதி உண்டு, ஆனால் அதை யாரும் செய்து தான் பார்த்ததில்லை என்றான். யார் செய்வார்கள்? கேட்பதும் அவமானம், கொடுப்பதும் அவமானம்.

நான் மைதானத்தைக் கடந்து போனேன். மார்லிஸ் வின்னியின் முன்னால் முட்டி போட்டிருந்தாள். வின்னி சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள், இனிமேல் கோலுக்குள் நிற்க மாட்டேன் என்பதுதான் அந்த அழுகையின் சாரம். பின்னால் நாற்காலியோடு அம்மா.

எனக்கு ஒரு உதவி வேண்டும் என்று ஆரம்பித்தேன். ஒரு பெண்ணை உட்கார வைக்க வேண்டும், யாரை வைத்தாலும் அழுவாள், அதில் ஒருத்தியின் அப்பா எனக்கு ஆலையில் மேற்பார்வையாளர், நீ ஒருத்தியை எடுத்துக்கொண்டால் எனக்குப் பிழைப்பு ஓடும் என்று சொன்னேன். முழுப் பொய்யும் இல்லை.

மார்லிஸ் எழுந்து முட்டியில் ஒட்டிய புல்லைத் தட்டினாள். என்னைப் பார்க்காமல் எங்கள் பக்கத்துக் கோலையே பார்த்தாள்.

"உன் கோல்கீப்பரைக் குடு."

"கிரேட்டாவையா? அப்போ எங்களுக்கு?"

"உனக்கு எதுக்குடா கோல்கீப்பர்? அவ இந்த சீசன் பூரா அங்க மாடு மேய்ச்சிட்டிருக்கா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் உதட்டோரத்தில் ஏதோ வந்து, வந்த வேகத்தில் போனது.

"ஒரு கண்டிஷன்" என்றாள். "அவ உள்ள நின்னா உன் பொண்ணுங்க முழு பலத்தோட அடிக்கணும். இடது கால், அஞ்சு பாஸ், இந்தக் கோமாளித்தனம் எதுவும் கூடாது."

குழந்தைக்கு அடிபட்டால் என்றேன்.

"என் மருமகடா அவ. நம்ம குடும்பத்துல எல்லாருக்கும் மண்டை கெட்டி. உன்னைப் பாத்தாலே தெரியலையா?"

கிரேட்டாவிடம் போய் விஷயத்தைச் சுற்றி வளைத்துத் தொடங்கினேன். இது தண்டனை இல்லை, உன்னை விற்கவில்லை, கொஞ்ச நேரம்தான், உனக்கு இஷ்டமில்லை என்றால் சொல்லிவிடு. அவள் பாதியில் கேட்டாள்.

"அங்க எனக்கு வேலை இருக்குமா?"

"இருக்கும்."

"நிறையவா?"

"மூச்சு விட நேரமிருக்காது" என்றேன்.

ஓடிவிட்டாள். நடுவில் ஒரு தடவையாவது திரும்பி அப்பாவைப் பார்ப்பாள் என்று நான் கொஞ்ச நேரம் கையைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். பிறகு அந்தக் கையால் தலையைச் சொறிந்துகொண்டேன்.

எங்கள் கோலில் யார் நிற்பது? ஒருத்தியும் முன்வரவில்லை. கடைசியில் ஒடெட் என்ற பெண், கையுறை போட்டால் கை குளிராது என்பதற்காக ஒப்புக்கொண்டாள்.

இரண்டாம் பாதி. மார்லிஸ் வின்னியைக் கோலிலிருந்து விடுவித்து முன்வரிசைக்கு அனுப்பியிருந்தாள். கயிறு அவிழ்த்த கன்று மாதிரி அந்தப் பெண் காரணமில்லாமலே நாலு திசையும் ஓடினாள். எங்கள் ஆட்கள் அதற்குள் பந்தை எடுத்துக்கொண்டு போனார்கள். ட்ரூடி இடது காலைத் தூக்கி, சொன்னபடி முழு பலத்தோடு அடித்தாள்.

கிரேட்டா பாய்ந்தாள். பந்து அவள் கையில் பட்டு வெளியே போனது.

 இந்தப் பருவத்தில் ட்ரூடியின் அடியை யாரும் தடுத்து நாங்கள் பார்த்ததில்லை. ட்ரூடியும் பார்த்ததில்லை. நோரீன் இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடித்தாள், பல் மருத்துவமனையில் அவளை மரியாதையாக நினைத்திருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்ன ட்ரூடி, காலைல சாப்பிடலையா?" என்றாள் என் மகள், முகத்தில் சேற்றோடு. அவளுக்கு இவ்வளவு வாய் இருக்கிறது என்பது எனக்குச் செய்தி. பேச ஆள் இல்லாத இடத்தில் நிறுத்தி வைத்திருந்தேன் போலிருக்கிறது.

அடுத்த அடியையும் பிடித்தாள். அதற்கடுத்ததை வயிற்றில் வாங்கினாள். நான்காவது அடி கம்பத்தில் பட்டுத் திரும்ப, அதன்மேல் விழுந்து படுத்துக்கொண்டாள். ஆரஞ்சுப் பெண்கள் ஒவ்வொரு தடவையும் அவளைச் சுற்றி ஓடிவந்து முதுகில் தட்டினார்கள். பின்வரிசையில் நின்றவர்கள் இடம் விட்டு நிற்பதை நிறுத்தி, தாங்களும் காலை நீட்டத் தொடங்கினார்கள். பின்னால் ஒருத்தி இருக்கிறாள் என்று தெரிந்தால் முன்னால் நிற்பவர்களுக்குப் பயம் விட்டுப்போகும் போல.

என் பெண்களைப் பற்றித்தான் கவலைப்பட்டேன். சோர்ந்துவிடுவார்கள் என்று நினைத்தேன். இல்லை. இத்தனை நாளும் கோல் போட்டுவிட்டுக் கடைக்குப் போய் ரொட்டி வாங்கி வந்த மாதிரி திரும்பி நடப்பார்கள். இப்போது மூன்று மூன்று பேராகக் கூடி ரகசியம் பேசினார்கள். சண்டை போட்டார்கள். ட்ரூடி எல்லைக்கோட்டுக்கு ஓடிவந்து, மூச்சு வாங்க, "கோச், இப்ப என்ன பண்றது?" என்று கேட்டாள்.

யாரும் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை.  யோசித்துச் சொல்கிறேன், நீ போ என்றேன்.

அந்த நேரத்தில்தான் மறுபக்கம் அது நடந்தது. யாரோ சும்மா தூக்கி அடித்த பந்து எங்கள் பாதிக்கு வந்தது. அங்கே வின்னியைத் தவிர ஆளில்லை. எங்கள் ஆட்கள் எல்லோரும் கிரேட்டாவை முற்றுகையிடப் போயிருந்தார்கள். வின்னி பந்தைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். ஒடெட் இரண்டு கையையும் கக்கத்தில் வைத்துச் சூடேற்றிக்கொண்டிருந்தாள். கையை எடுப்பதற்குள் பந்து உள்ளே போனது, அதன் பின்னாலேயே வின்னியும் வலைக்குள் விழுந்தாள்.

வின்னியின் அம்மா நாற்காலியைக் கீழே போட்டுவிட்டுக் கத்தினாள். அது அவள் காலிலேயே விழுந்தது, அதற்கும் சேர்த்து ஒரு தரம் கத்தினாள். பிறகு அதை விரித்து, உட்கார்ந்து, உடனே எழுந்தாள்.

அதன் பிறகு ட்ரூடி ஒரு வழியாக ஒரு கோல் போட்டாள். முன்னால் போட்ட ஆறையும் மறந்துவிட்டார்கள். அதுவே இந்தப் பருவத்தின் முதல் கோல் என்பதுபோல என் பெண்கள் எல்லோரும் அவள்மேல் குவிந்தார்கள். கிரேட்டா தரையை ஒரு குத்துக் குத்திவிட்டு எழுந்துபோய், குவியலுக்குள் கையை விட்டு ட்ரூடியை இழுத்து, நல்ல அடிடி என்றாள். கடைசியில் ஸ்டோன் பிரிட்ஜ் இன்னொன்று போட்டது. இம்முறை ஒடெட் கையை நீட்டித்தான் இருந்தாள், பந்து நன்றாகவே வந்தது.

ஏழுக்கு இரண்டு. எந்த ஊர்க் கணக்கிலும் தோல்விதான். ஆனால் விசில் அடித்ததும் கட்டிப்பிடித்துக் குதித்தது தோற்றவர்கள். வரிசையாகக் கை கொடுத்தபோது, வழக்கமாக ஒப்புக்குச் சொல்கிற "நல்ல ஆட்டம், நல்ல ஆட்டம்" என்பதை அன்றைக்கு நின்று நின்று சொன்னார்கள். பெற்றோர் எதிரெதிராக நின்று கைகளைக் கோத்து உயர்த்த, குழந்தைகள் குனிந்து கீழே ஓடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அன்று யார் எந்த அணி என்று பார்க்காமல் ஓடினார்கள். நான்கூட ஓடினேன். இடுப்பு பிடித்துக்கொண்டது.

வின்னியின் அம்மா மார்லிஸிடம் வந்து, செவ்வாய்க்கிழமை பயிற்சி எத்தனை மணிக்கு, வின்னிக்கு ஒரு சைஸ் பெரிய ஷூவாக வாங்கவா என்று கேட்டாள். மற்ற இரண்டு அம்மாக்களும் பக்கத்தில் நின்று தலையாட்டினார்கள். மார்லிஸ் சாதாரணமாகத்தான் பதில் சொன்னாள். ஆறு மணி, பெரிய சைஸ் வேண்டாம், தடுக்கும். சொல்லிவிட்டு, பந்துகளை எடுத்து வைக்க வேண்டும் என்று தன் வேனுக்குப் பின்னால் போனாள்.

ரொம்ப நேரம் அங்கேயே எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். அவளிடம் இருப்பது மூன்று பந்து.

நான் அந்தப் பக்கம் போகவில்லை. நோரீன் மீதி இருந்த காபியை எடுத்துக்கொண்டு போனாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது கிரேட்டா அத்தை கொடுத்த ஆரஞ்சுச் சட்டையைக் கழற்றவில்லை. பின் இருக்கையிலிருந்து இரண்டு உள்ளங்கையையும் என் தோளுக்குமேல் நீட்டினாள். செக்கச் செவேலென்று இருந்தன.

"பாருப்பா, எரியுது" என்றாள். மெடல் வாங்கியவர்கள் இவ்வளவு பெருமையாகக் காட்டிப் பார்த்ததில்லை.

கொஞ்ச தூரம் போனதும், அத்தை அணிக்கு செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்குப் பயிற்சி என்றாள். அப்படியா என்றேன். சீசன் முடிய இன்னும் மூன்று ஆட்டம் இருக்கிறது என்றாள். ஆமாம் என்றேன். நோரீன் ஜன்னல் வழியாகச் சோளக்காட்டைக் கவனமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள், அறுவடை முடிந்து அங்கே ஒன்றுமே இல்லை.

"நீ கோவிச்சுக்க மாட்டியே?" என்றாள் கிரேட்டா.

பெற்றோர் கூட்டத்தில் கை தட்டி என்னைக் கோச்சாக்கியபோது, முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லாததற்கு ஒரே காரணம், சனிக்கிழமைகளில் இவள் இருக்கிற இடத்தில் நானும் இருக்கலாம் என்பதுதான். அவளை மைதானத்தின் அந்தக் கோடியில் நிறுத்திவிட்டு, இந்தக் கோடியில் நின்று நான் காபி குடித்திருக்கிறேன். அடுத்த ஊருக்கே போய்விட்டால் இன்னும் எவ்வளவு தூரமாகிவிடும்?

யோசிக்கலாம் என்றேன்.

வீட்டு வாசலில் ட்ரூடியின் சைக்கிள் புல்லில் சாய்ந்து கிடந்தது. ட்ரூடி படியில் உட்கார்ந்திருந்தாள். தங்கள் கோல்கீப்பரை எதிரிக்குக் கொடுத்ததற்கு நியாயம் கேட்கத்தான் வந்திருக்கிறாள் என்று வண்டியை மெதுவாக நிறுத்தினேன். அவள் என்னைப் பார்க்கவேயில்லை.

"கிரேட்டா, வந்து நில்லு. அந்த மூணாவது அடி உள்ள போயிருக்கணும்."

இருவரும் கொட்டகைப் பக்கம் ஓடினார்கள். நான் கையைக் கழுவுவதற்குள் கதவில் பந்து மோதுகிற சத்தம் கேட்க ஆரம்பித்தது.

தொலைபேசி அடித்தது. நோரீன் எடுத்துக் கேட்டுவிட்டு என்னிடம் நீட்டினாள். "உன் அக்கா. நல்ல மூடுலதான் இருக்கா, 'அந்தத் தடியனைக் கூப்பிடு'ன்னா."

மார்லிஸ் ஏதோ சொல்ல வந்து தொண்டையைக் கனைத்தாள். உதவி கேட்பது அவளுக்கு வராது. சின்ன வயதிலிருந்தே வராது. அதனால் நானே முந்திக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்குத்தானே என்றேன்.

 "அஞ்சே முக்காலுக்கே கொண்டாந்து விடு" என்றாள். குரல் சரியாகிவிட்டிருந்தது. "ஆமா, உன் டீம்ல மிச்சம் பதிமூணு பொண்ணுங்க இருக்காங்களே, அவங்க அப்பா அம்மாகிட்ட என்னடா சொல்லப் போற?"

கொட்டகைக் கதவு மறுபடி அதிர்ந்தது. அடுத்த சனிக்கிழமை எதிரே வரப்போவது லீக்கிலேயே முதலிடத்துக்கு எங்களோடு போட்டி போடுகிற அணி. என்னிடம் இருக்கிற ஒரே கோல்கீப்பர், கை குளிருக்காகக் கையுறை மாட்டிய ஒடெட்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றேன்.